கதவு படத்தில் வரக்கூடாது

போன மாதம் ஒரு பெண் எனக்குக் குரல் பதிவு அனுப்பியிருந்தாள். பெயர் தர்ஷினி, கோலாலம்பூருக்குப் பக்கத்தில் ரவாங்கில் இருக்கிறாள். வீடு விற்றுக் கொடுக்கும், வாடகைக்கு விட்டுக் கொடுக்கும் நிறுவனம் ஒன்றில் வீடுகளைப் படம் எடுக்கும் வேலை கிடைத்திருக்கிறதாம்.

"அக்கா, வைட் லென்ஸ் ஒன்னு வாங்கணும். 10-18 எடுக்கவா, 16-35 எடுக்கவா? உங்களக் கேட்டா சரியாச் சொல்வீங்கன்னாங்க. நீங்க ரிட்டையர் ஆயிட்டீங்களாமே, அதான் ஃப்ரீயா இருப்பீங்கன்னு கேக்குறேன்."

ரிட்டையர் ஆகிவிட்டேன் என்று யார் சொன்னார்களோ. எனக்கு வயது முப்பத்தைந்து. ஒரு பல் மருத்துவரின் சின்ன கிளினிக்கில் முன்மேசையில் உட்கார்ந்து நோயாளிகளுக்கு நேரம் குறித்துக் கொடுக்கிறேன். ஆனால் அந்தச் சொல்லில் தப்பில்லை. கேமராவை விற்றாயிற்று. ஒரு தொழிலை முழுதாகச் செய்து, முழுதாக விட்டவளை வேறு எப்படிச் சொல்வது?

லென்ஸ் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்லலாம், சொல்லியும் விட்டேன். அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருப்பதை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். டிப்ளோமா வாங்கிய முதல் ஆளும் நான்தான். அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. அப்பா பந்திங்குக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை வெட்டினார், அம்மா அதே மரங்களுக்கு உரம் போட்டார். கல்லூரியில் புகைப்படம் படித்தேன். பிறகு கல்யாணப் படம் எடுக்கும் ஸ்டூடியோவில் கொஞ்ச காலம், மணப்பெண் அறையில் சேலை மடிப்பையும் மருதாணிக் கையையும் எடுக்கும் வேலை. "மேடைக்கு முன்னால பொம்பளப் புள்ள நின்னா நல்லா இருக்காது" என்றார்கள். நான் வெளியே வந்துவிட்டேன். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மாடியில் இருந்த வீட்டு ஏஜென்சியில் சேர்ந்தேன். பயிற்சிக் காலம் என்று சொல்ல இவ்வளவுதான் இருக்கிறது. தொழிலைக் கற்றது அங்கேதான்.

அதை நடத்தியவரை நாங்கள் பாஸ் என்போம். பெயர் நாதன். முழுக்கை வெள்ளைச் சட்டை, சன்னமான குரல். யாரையும் திட்டமாட்டார். காலி வீடாக இருந்தாலும் வாசலில் குனிந்து செருப்பை மெதுவாகக் கழற்றி, ஜோடியாக ஓரத்தில் வைத்துவிட்டுத்தான் உள்ளே காலை வைப்பார். நான் எடுத்த படத்தைக் கேமராவின் திரையிலேயே பெரிதாக்கி, நடுவைப் பார்க்காமல் நேராக நான்கு மூலைகளுக்குப் போவார். சரியில்லை என்றால் ஒன்றும் சொல்லாமல் கேமராவை என் கையில் திருப்பிக் கொடுப்பார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று தோன்றும்.

எனக்கு லென்ஸ் வாங்க அவரே கடைக்குக் கூட்டிப் போனார். கடைக்காரர் முதலில் எடுத்துக் காட்டியது மீன்கண் லென்ஸ். "மிஸ், இதுல அந்தப் பக்கத்துச் சுவரு, இந்தப் பக்கத்துச் சுவரு எல்லாம் உள்ள வந்துரும் லா" என்றார். பாஸ் அதைத் தொடவே இல்லை. "கதவெல்லாம் வாழைப்பழம் மாதிரி வளைஞ்சி நிக்கும். வேணாம்."

அடுத்து 16-35. விலையான, கனமான, அழகான சாமான். கையில் எடுத்ததுமே எனக்கு ஆசை வந்துவிட்டது. லென்ஸின் எண் கூடக் கூட அது பார்க்கும் அகலம் குறையும். பாஸ் என் கேமராவைக் காட்டிக் கேட்டார்: "இதுக்குள்ள சென்சார் சின்னது. இதுல மாட்டினா பதினாறு எவ்வளவு பார்க்கும்?" பெரிய சென்சாரில் இருபத்துநாலு, இருபத்தஞ்சு பார்ப்பதைப்போலத்தான் பார்க்கும் என்றேன். "அப்ப ஒரு படுக்கையறைல மூனு சுவரு வருமா?" வராது. கடைசியில் வாங்கியது 10-18, இலேசான பிளாஸ்டிக் உடம்பு. இருட்டில் எடுக்க வசதியான லென்ஸுக்குக் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம் என்றார், வீடு ஓடாது, முக்காலி போதும். வாங்குவதற்கு முன் கடையின் இரும்புக் கிரில்லை ஒரு படம் எடுக்கச் சொல்லி, மூலையில் கம்பிகளின் ஓரம் ஊதாவாகக் கசிகிறதா என்று பார்த்தார். பிறகு கடைக்காரரை ஃபிரேமின் ஓரத்தில் நிற்க வைத்து எடுக்கச் சொன்னார். அவர் தலை பப்பாளிக்காய்போல நீண்டுவிட்டது.

"ஐயோ பாஸ், என் மண்டைய என்ன பண்ணிட்டீங்க!"

"பார்த்தியா மா?" என்றார் பாஸ் என்னிடம். "அகலமான லென்ஸ் நடுவுல இருக்கிறவன மட்டும்தான் ஒழுங்காக் காட்டும். ஓரத்துல நிக்கிறவன இழுத்துரும்."

இதெல்லாம் சரியான பாடங்கள். இன்றைக்கும் மறுக்கமாட்டேன். வீட்டுக்குள் அவர் சொல்லிக் கொடுத்த முறையும் அப்படித்தான். அறையின் மூலையில் முதுகு சுவரில் ஒட்டும்படி நில். கேமராவை நெஞ்சு உயரத்தில், நீர்மட்டக் குமிழி நடுவில் நிற்கும்படி வை. மேலேயோ கீழேயோ சாய்த்தால் சுவர்கள் விழுவதுபோலத் தெரியும். ஜன்னலுக்கு ஒன்று, அறைக்கு ஒன்று எனத் தனித்தனியாக எடுத்துப் பிறகு சேர். குப்பைக்கூடை, வாளி, காலண்டர் எல்லாவற்றையும் நகர்த்து.

அதற்கு மேல் ஒரு விதி இருந்தது. அதை எந்தக் கல்லூரியிலும் சொல்லித் தரமாட்டார்கள்.

"கதவு படத்துல வரக்கூடாது மா."

"ஏன் பாஸ்?"

"கதவு எவ்வளவு பெருசுன்னு எல்லாருக்கும் தெரியும். கதவப் பார்த்தா ரூம் எவ்வளவு சின்னதுன்னு தெரிஞ்சுரும். ஐஸ்பெட்டி வேணாம், ஆளு வேணவே வேணாம். நாம பொய் சொல்லல. லென்ஸ் பார்க்கிறதக் காட்டறோம்."

இப்படித்தான் பல வருடம் கிள்ளான் பள்ளத்தாக்கின் வீடுகளைக் கதவில்லாமல் எடுத்தேன். ஒரு தடவை ஒரு குடும்பம் நான் எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு நேரில் வந்தது. அந்த அம்மா பெரிய அறைக்குள் போனார், திரும்பினார், வெளியே வந்தார். "படத்துல புள்ளைங்க ஓடிப் பிடிச்சு விளையாடலாம் போல இருந்துச்சி. இங்க திரும்பி நின்னா மூக்கு சுவத்துல இடிக்குதே!" என்றார். அவர் கணவர், "நீ போன்ல போயி குடியிரு" என்றார். எல்லாரும் சிரித்தோம், பாஸும் சிரித்தார். அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. வேறொருவர் எடுத்துக்கொண்டார். யாராவது ஒருவர் எப்போதும் எடுத்துக்கொள்வார்.

அந்த அலுவலகத்தில் இன்னொரு பாடமும் இருந்தது. வாடகை வீட்டு விளம்பரங்களில் சிலவற்றின் கீழே 'லைட் குக்கிங்' என்று ஒரு வரி வரும். சமையல் கொஞ்சமாக இருக்க வேண்டும் என்று அர்த்தம். சேர்ந்த புதிதில் நான் அதை நம்பினேன். அப்படிப்பட்ட ஒரு வீட்டின் அடுப்படியைப் படம் எடுத்து வந்து, விளம்பரம் எழுதும் வனிதாவிடம், "அங்க பெரிய ஜன்னல் இருக்கு, புகை நல்லா வெளிய போவும். அந்த வரி தேவையில்ல" என்றேன்.

வனிதா சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து விழப்போனாள். "ஐயோ அக்கா! குக்கிங்குக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல லா. நம்ம தமிழ் ஆளுங்களுக்குக் குடுக்க மாட்டாங்கன்னு அர்த்தம். நேரா எழுதினா அசிங்கமா இருக்கும்ல?"

அப்படி எழுதச் சொல்கிறவர்களில் எல்லா இனத்தாரும் உண்டு என்பதையும் அவளே சொன்னாள். நான் அதைக் காதில் சரியாக வாங்கிக்கொள்ளவில்லை. பிறகு புரிந்தது.

அப்பாவுக்கு வேலை ஓய்வு வந்தது. தோட்டத்து வீடு வேலையோடு சேர்ந்தது. வேலை முடிந்தால் காலி செய்ய வேண்டும். தோட்ட நிர்வாகம் ஒரு தேதி சொல்லிவிட்டது. அம்மாவுக்கு வலது முட்டி மோசம், படி ஏற முடியாது. ஆகவே தரைத்தளத்தில் ஒரு வீடு, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில், என் சம்பளத்துக்குள். கேட்டது அவ்வளவுதான். அம்மா அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்: "எம் மகளுக்கு வேலையே வீடுதான். கோலாலம்பூரு, கிள்ளானு, அவ பார்க்காத வீடே இல்ல. எங்களுக்கு ஒன்னு கிடைக்காதா?"

எனக்கும் அதே பெருமை இருந்தது. இத்தனை வீடுகளுக்குள் போய் வந்தவளுக்கு ஒரு வீடு கிடைக்காதா?

கிடைத்தது என்றே நினைத்தேன். கிள்ளானில் ஒரு பழைய அடுக்குமாடி, தரைத்தளம், இரண்டு படுக்கையறை. வாசலில் ஒரு படிகூட இல்லை. முக்காலியை விரிப்பதற்கு முன்பே அம்மாவின் கட்டிலை எங்கே போடுவது என்று யோசித்துவிட்டேன். வழக்கம்போல் படம் எடுத்தேன். அடுப்படிக்கு வந்தபோது பாஸ் என் பின்னால் நின்றுகொண்டு, "அந்தப் பக்கச் சுவரு வேணாம் மா" என்றார்.

அந்தச் சுவரில் சாமி மேடை இருந்த தடம் தெரிந்தது. பலகையைத் தாங்கிய நான்கு ஆணித்துளை, அதற்கு மேலே விளக்குப் புகை படிந்து கருத்த ஒரு கறை. சுண்ணாம்பு பூசியும் அது போகவில்லை. பத்தில் எடுத்தால் அந்தக் கறை ஃபிரேமுக்குள் வந்துவிடும். பன்னிரண்டுக்கு இழுத்து, முக்காலியை ஒரு சாண் நகர்த்தி, அதை வெளியே தள்ளினேன். வேலைதானே.

ஆனால் அந்தக் கறையைப் பார்த்ததும் எனக்கு நம்பிக்கை வந்தது. நம்மவர்கள் இங்கே விளக்கேற்றிக் குடியிருந்திருக்கிறார்கள், நமக்கும் கிடைக்கும்.

காரில் திரும்பும்போது கேட்டேன். "பாஸ், இந்த யூனிட்ட எங்களுக்கே பேசிக் குடுங்க. அப்பா அம்மாவுக்கு."

அவர் சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இது லைட் குக்கிங் யூனிட் மா."

"ஏற்கெனவே நம்ம ஆளுங்கதான இருந்திருக்காங்க? சுவத்துல தடம் இருக்கே."

"ஓனர் கிட்டக் கேட்டுப் பார்க்கிறேன்" என்றார்.

அன்று மாலை அம்மாவிடம் போனில் வீட்டைப் பற்றிச் சொன்னேன். நான் எடுத்த படங்களையும் அனுப்பினேன். 'லைட் குக்கிங்' என்பதன் உள்ளர்த்தத்தை அம்மாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்லுக்கு மேலே இருந்ததை மட்டும் சொன்னேன். "ஓனருக்கு வீட்டுல சமையல் வாடை ரொம்ப வரக்கூடாதாம் மா."

"அவ்வளவுதானா? நான் தாளிக்கவே மாட்டேன்னு சொல்லிரு" என்றார் அம்மா.

சொன்னதோடு நிற்கவில்லை. பழகிக்கொள்ள வேண்டும் என்று அன்றிலிருந்து தோட்டத்து வீட்டிலேயே தாளிப்பதை நிறுத்திவிட்டார். கருவாடு நின்றது. கடுகு, வெந்தயம், காய்ந்த மிளகாய் எதுவும் எண்ணெயில் விழவில்லை. பருப்பை வேகவைத்து உப்புப் போட்டு இறக்கினார். அப்பா எனக்குப் போன் செய்து முறையிட்டார். "ஏய், ஒங்கம்மாவுக்கு என்னாச்சி? ரசம்னு ஒன்னு வச்சா, வெந்நித் தண்ணிய குடுத்துட்டு ரசம்ங்கிறா." நான் சிரித்தேன். அம்மா பின்னாலிருந்து கத்தினார்: "கிள்ளான் வீடு வேணும்னா வாய மூடிக்கிட்டுக் குடிங்க!"

ஓனர் குடியிருக்கப் போகிறவர்களை நேரில் பார்க்க வேண்டும் என்றார். அப்பா தீபாவளிச் சட்டையில் வந்தார். அம்மா வழக்கமாக வைக்கும் மல்லிகையை வைக்கவில்லை, வாடை இருக்கக்கூடாது என்பதில் அவ்வளவு கவனம். முட்டி வலியோடு நடந்து, வாசலில் செருப்பைக் கழற்றி, உள்ளே போய், "படத்துல பெருசா இருந்துச்சே" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நமக்கு இது தாராளம்" என்றார்.

ஓனர் வந்தார். நெற்றியில் திருநீறு.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சுவரில் இருந்தது முன்பு குடியிருந்தவர்களின் தடமில்லை. அவருடைய சாமி மேடை, அவர் ஏற்றிய விளக்கின் புகை. வேறு பெரிய வீட்டுக்குக் குடிபோயிருக்கிறார், அவ்வளவுதான்.

அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. "நம்ம ஆளுதானா!" என்று அப்பாவிடம் கிசுகிசுத்தார்.

நல்ல மனிதர் மாதிரித்தான் பேசினார். பாஸ் என்னைக் காட்டி, "இவங்கதான் படம் எடுத்தது" என்றார். "அடடே, சூப்பரா எடுத்திருக்கீங்க மா. என் வீடே எனக்கு அடையாளம் தெரியல" என்றார் ஓனர். அப்பாவிடம் எந்தத் தோட்டம் என்று கேட்டார். பந்திங் பக்கம் என்றதும், "ஓ, எங்க மாமனாரு அந்தப் பக்கம் தோட்டத்து ஆபீஸ்ல கணக்கெழுதுற கிராணியா இருந்தவரு" என்றார். அம்மா இதுதான் சமயம் என்று நினைத்துக்கொண்டார்.

"ஐயா, சமையல் வாடை வரக்கூடாதுன்னு சொன்னீங்களாம். நான் தாளிக்கவே மாட்டேங்க. இப்பவே நிறுத்திட்டேன். வேணும்னா இவரக் கேட்டுப் பாருங்க."

"ஆமாங்க" என்றார் அப்பா. "ரசம் வெந்நி மாதிரிதான் இருக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். ஓனர்தான் அதிகமாகச் சிரித்தார். "அதுக்கில்ல அக்கா, அதுக்கில்ல" என்றபடியே பாஸின் தோளில் கை வைத்து வெளியே கூட்டிப் போனார். கதவை இழுத்தார், முழுதாகச் சாத்தவில்லை.

காலி வீட்டில் குரல் நன்றாகக் கேட்கும்.

"என்ன நாதன், நம்ம ஆளுங்க வேணாம்னு சொன்னேன்ல? அதுவும் தோட்டத்து ஆளுங்க. இவங்க ரெண்டு பேருன்னு வருவாங்க, அடுத்த மாசம் சொந்தக்காரன் பத்துப் பேரு படுத்துக் கிடப்பான். லைட் குக்கிங்னு போடச் சொன்னதே அதுக்குத்தானய்யா!"

பாஸ் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. அவர் குரல் எப்போதும் சன்னம்.

உள்ளே அப்பா ஜன்னல் கிரில்லைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தார். அம்மா அந்தச் சுவரில் இருந்த புகைக்கறையைப் பார்த்தபடி நின்றார். நான் கதவைப் பார்த்தேன். சாதாரணமான கதவுதான். அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது அறை மிகச் சின்னதாக இருந்தது.

ஓனர் உள்ளே வந்து, வேறு ஒருவருக்கு ஏற்கெனவே வாக்குக் கொடுத்தது இப்போதுதான் ஞாபகம் வந்தது, தப்பாக நினைத்துக்கொள்ளக்கூடாது என்றார். "பரவாயில்லங்க ஐயா" என்றார் அம்மா.

திரும்பும் வழியில் காரில் நாங்கள் மூன்று பேர் மட்டும். பெரிய சாலைக்கு வந்த பிறகு அம்மா கேட்டார்:

"அப்ப, தாளிக்கிறதுல பிரச்சன இல்லயா?"

"பேசாம வா" என்றார் அப்பா.

"இல்ல, அவரு அதுக்கில்லன்னாரே. அப்ப எதுக்கு?"

வீட்டில் படித்தவள் நான். தோட்டத்திலிருந்து எந்தத் தாள் வந்தாலும், ஆஸ்பத்திரியில் எந்தச் சொல் சொன்னாலும், அர்த்தம் சொல்ல வேண்டியவள் நான்தான். அன்றைக்கும் சொன்னேன். வனிதா எனக்குச் சொன்னதையே, சிரிப்பில்லாமல். அம்மா கேட்டுக்கொண்டார். கேட்டுவிட்டு, "அதுக்கு அந்தப் பேரு எதுக்கு? நேராச் சொல்லியிருந்தா நான் நாக்கக் கட்டியிருக்க மாட்டேனே" என்றார்.

மறுநாள் பாஸ் என் மேசைக்கு வந்தார். "நான் என்ன மா செய்ய முடியும்? ஓனர் அவரு."

"அவரு தமிழருன்னு உங்களுக்குத் தெரியும். முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல பாஸ்?"

"உன்னப் பார்த்தா மனசு மாறும்னு நினைச்சேன். நீ படிச்ச புள்ள, டீசன்டா இருக்க."

"என்னப் பார்த்து மாறுற மனசு எங்கம்மாவப் பார்த்து ஏன் பாஸ் மாறல?"

அவர் தன் மேசைக்குப் போய்விட்டார். சரியில்லாத படத்தைத் திருப்பிக் கொடுக்கும் அதே முகம்.

தோட்ட நிர்வாகம் சொன்ன தேதி நெருங்கியது. செமினியில் ஒரு அடுக்குமாடியில் வீடு கிடைத்தது. நான்காம் மாடி, லிஃப்ட் கிடையாது. அம்மா குடிபோன அன்று அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினார், மாடிக்கு மாடி படியில் உட்கார்ந்து. அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிக்கும் கோயில் திருவிழாவுக்கும் தவிர இறங்குவதில்லை.

கிள்ளான் வீடு பல மாதம் காலியாகவே கிடந்தது. வாக்குக் கொடுக்கப்பட்ட அந்த வேறொருவர் வரவே இல்லை. விளம்பரம் பழசாகிவிட்டது, புதுப் படம் வேண்டும் என்று பாஸ் என்னைத்தான் அனுப்பினார். வேறு ஆளை அனுப்பியிருக்கலாம். அவருக்கு அது தோன்றவில்லை என்பதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாதது.

போனேன். 10-18-ஐப் பையிலேயே வைத்துவிட்டு, கல்யாண ஸ்டூடியோ காலத்து 35-ஐ மாட்டினேன். இதில் அறையை இழுத்துப் பெரிதாக்க முடியாது. அடுப்படியின் உள் மூலையில் நின்றேன். ஒரு பக்கம் புகைக்கறையும் நான்கு ஆணித்துளையும், மறுபக்கம் வாசல் கதவு, நடுவில் இரண்டுக்கும் இருந்த கொஞ்ச இடம். ஒரே படம். நான் அந்தத் தொழிலில் எடுத்ததிலேயே நேரான படம் அது.

பாஸ் திரையில் பார்த்தார். பெரிதாக்கினார். மூலைக்குப் போனார், கறையைப் பார்த்தார், அடுத்த மூலையில் கதவைப் பார்த்தார்.

"என்ன மா இது?"

"வீடு பாஸ்."

"இது போகாது மா."

"தெரியும்."

செருப்பைக் கழற்றுகிறவரின் அதே நிதானத்தோடு அழிக்கும் பொத்தானை அழுத்தினார். அந்த மாதத்தோடு நான் நின்றுவிட்டேன். என்னிடமிருந்து 10-18-ஐ விலைக்கு வாங்கிய பையன், படத்தின் மூலைகள் எல்லாம் சுத்தமாக இருக்கின்றன என்று சந்தோஷப்பட்டான்.

இப்போது கைப்பேசியிலேயே அகலமாக எடுக்க முடிகிறது. ஏஜென்ட்டுகளே எடுத்துக்கொள்கிறார்கள், காலி அறையில் கம்ப்யூட்டரே சோபா போட்டுக் கொடுக்கிறது. அந்த வரி மட்டும் விளம்பரங்களின் கீழே அப்படியே இருக்கிறது.

தர்ஷினிக்கு நான் அனுப்பிய பதில் இதுதான்: "உன் கேமரா சின்ன சென்சார்னா 10-18 எடு மா, அந்த வேலைக்கு அதுதான் சரி." உண்மையான பதில். 16-35 வாங்கினால் அறை முழுதாக வரவில்லை என்று ஒரு வாரத்தில் படங்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கதவைப் பற்றி நான் ஒன்றும் எழுதவில்லை. அதை அவளுடைய பாஸ் சொல்லிக் கொடுப்பார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் செமினிக்குப் போகிறேன். அம்மா மறுபடி தாளிக்கிறார், அப்பாவின் ரசம் ரசமாகிவிட்டது. அந்த வீட்டு ஓனர் சமையலைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனாலும் எண்ணெய் காய்வதற்குள் அம்மா அடுப்படி ஜன்னலைச் சாத்துகிறார். பிறகு, வலிக்கிற காலை இழுத்துக்கொண்டு கூடத்தைக் கடந்து வந்து, வாசல் கதவையும் சாத்திவிட்டு, திரும்பிப் போய்க் கடுகைப் போடுகிறார்.